இறங்கும் அளவுக்கு நின்றது

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரத் தொடங்கி இருபத்தொரு வருஷம் ஆகிறது. காலையில் ஏழேகாலுக்குத் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் ஏறினால் எட்டரை தாண்டிச் சிதம்பரம். மாலையில் அதே பாதையில் திரும்ப வேண்டும். பெண்கள் படிக்கும் ஒரு பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். இடப்பெயர்ச்சி பாடம் வரும்போது முன்பெல்லாம் என்னையே உதாரணமாகச் சொல்வேன். "காலையில கெளம்பி சாயங்காலம் அதே வீட்டுக்கு வந்துடறேன். கடந்த தொலைவு எவ்வளவு? தொண்ணூறு கிலோமீட்டர். இடப்பெயர்ச்சி? சுழி." பிள்ளைகள் சிரிப்பார்கள். ஐந்தாறு வருஷமாக அந்த உதாரணத்தைச் சொல்வதில்லை. அதைச் சொல்லிச் சிரிக்கவைக்கும் தெம்பு என்னிடம் இல்லை.

என் பாடத்தில் எனக்கு அலுத்துப்போனது கணக்கு அல்ல, சொற்கள். ஊரில் புழங்கும் அதே சொற்களை எடுத்துத்தான் புத்தகத்தில் வேறு பொருளில் போட்டிருக்கிறார்கள். வேகம், வேலை, விசை, எடை, ஓய்வு. வருஷம் தவறாமல் ஜூன் மாதத்தில் நின்றுகொண்டு, வீட்டில் பேசுகிற வேகம் வேறு, இங்கே எழுதுகிற வேகம் வேறு என்று ஆரம்பிப்பேன். மாதத் தேர்வில் பாதிப் பேர் வீட்டில் பேசுவதைத்தான் எழுதிவைப்பார்கள். முடுக்கம் என்றால் வேகமாகப் போவது. எடை என்றால் ரேஷன் கடையில் போடுவது. ஓய்வு நிலை என்றால் என்ன என்ற கேள்விக்கு ஒரு பெண், 'எங்கள் அப்பா போன வருஷம் அடைந்த நிலை' என்று எழுதியிருந்தாள். அவளுக்கும் நான் மதிப்பெண் போடவில்லை. இந்த விஷயத்தில் நான் கறார் என்று பள்ளியில் பேர். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பஸ்ஸில் எனக்கு ஒரு துணை உண்டு. குடிகாட்டில் இருந்து வருகிறவர். சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆயா வேலை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் இடத்தில் பஸ் திரும்பும்போதே ஜன்னல்களை எல்லாரும் சாத்துவார்கள். அந்த நெடிக்குள்தான் அவர் நின்றுகொண்டிருப்பார். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் நான் ஜன்னலோரம். எனக்குப் பக்கத்தில் என் கைப்பை இருக்கும், அக்கா ஏறியதும் அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அவர் உட்கார்ந்து, ஆலப்பாக்கம் வரும்வரை ஜெபமாலை உருட்டுவார். அதன் பிறகுதான் பேச்சு.

ஒரு நாள் என் மடியில் இருந்த விடைத்தாள்களைப் பார்த்து, "இன்னா பாடம் டீச்சர்?" என்றார்.

"வேலைன்னா என்னான்னு கேட்டிருக்கேன்கா. ஒரு பொருள் மேல விசைய செலுத்தி அது நகர்ந்தாத்தான் வேலை. நகரலேன்னா வேலையே நடக்கல."

"அப்ப, ஒரு பேஷண்ட்ட பெட்லேர்ந்து தூக்கி, கீழ பெட்ஷீட்ட மாத்துற வரைக்கும் அப்படியே கையில வெச்சிக்கிட்டு நிக்கிறனே?"

"தூக்குறது வேலை. கையில வெச்சிக்கிட்டு நிக்கிறது வேலை இல்ல."

"அப்ப எங்க சூப்பர்வைசரும் உங்க படிப்புதான் படிச்சிருப்பாரு போல. அவரும் இதத்தான் சொல்றாரு" என்றார். இரண்டு பேரும் பெரியப்பட்டு வரும்வரை சிரித்தோம். ஆனாலும் விடைத்தாளில் 'அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது வேலை' என்று எழுதியிருந்த பிள்ளைக்கு நான் கோடு போட்டுத்தான் அடித்தேன்.

அக்கா விழுந்தது தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். அன்றைக்கு டிபன் பாக்ஸில் வெறும் தயிர்சாதம்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. முட்லூரில் நாலுவழிச் சாலை வேலைக்காக எங்களைப் பக்கத்துச் சாலையில் திருப்பிவிட்டிருந்தார்கள். பஸ் தாமதம். எட்டே முக்காலுக்குள் அக்கா மருத்துவமனையில் கைரேகை வைக்க வேண்டும். பிந்தினால் அரைநாள் போச்சு. பஸ் சிதம்பரம் நிலையத்துக்குள் திரும்பும்போதே அவர் எழுந்து முன்படிக்குப் போய்விட்டார். "வரேன் டீச்சர்" என்றார். கண்டக்டர் வழக்கம்போல, "எல்லாம் எறங்கு, எறங்கு" என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் சீட்டுக்கடியில் இருந்த சாப்பாட்டுப் பையை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே பக்கத்தில் நின்ற நீல நிற பஸ் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது. எங்கள் பஸ் முன்னால் போகிறதா, அந்த பஸ் ரிவர்ஸ் எடுக்கிறதா என்று தெரியாமல் தலை லேசாகச் சுற்றியது. இது எல்லாருக்கும் நடப்பதுதான். வகுப்பில் சார்பு இயக்கம் என்று நானே சொல்லிக்கொடுப்பது. அந்த நொடியில் முன்னாலிருந்து ஒரு அலறல் கேட்டது. பையோடு சேர்ந்து நான் முன்னால் போய் விழுந்தேன். முன்சீட்டுக் கம்பியில் இடதுமுட்டி இடித்தது. எழுந்து ஓடினேன்.

அக்கா சிமெண்ட் தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். முன்சக்கரத்துக்கும் அவருக்கும் ஒரு கை அகலம்தான் இருந்தது. ஒரு செருப்பு படியிலேயே இருந்தது. புடவையை இழுத்து முழங்காலை மூடினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நகந்துச்சு டீச்சர். கால வெச்சதும் தரை ஓடிச்சு" என்றார்.

"நின்னுதாங்க இருந்துச்சு. இவங்கதான் அவசரப்பட்டாங்க" என்று கண்டக்டர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். டிரைவர் இறங்கி வந்தார். எட்டு வருஷமாக எங்களை ஏற்றி இறக்கிய மனிதர். நான் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தால் காத்திருப்பார். அக்காவைத் தூக்கி ஆட்டோவில் வைக்க அவர்தான் முதலில் குனிந்தார்.

அக்கா வேலை பார்த்த மருத்துவமனைக்கே கொண்டுபோனோம். வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளிவந்தவர்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். நான் முதல் பீரியட் போகவில்லை, இரண்டாவதும் போகவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடப் படி இறங்கும்போதுதான் என் முட்டி வீங்கியிருப்பதைப் பார்த்தேன். இரண்டு வாரம் தைலம் தேய்த்தேன். அதோடு மறந்துவிட்டேன்.

அக்காவுக்கு ஒரே மகள். கடலூரில் துணிக்கடையில் நிற்கிறாள். அவள்தான் போலீசில் புகார் கொடுத்தாள். "நீங்க கூடவே இருந்தீங்க, உங்களத்தான் ஆன்ட்டி சாட்சியா போட்டிருக்கோம்" என்றாள். என்னால் மறுக்க முடியவில்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் எழுதியதைப் படித்துக் காட்டினார். மேற்படி பேருந்தை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து, என்று ஆரம்பித்தது.

"அதிவேகம் இல்லைங்களே. பஸ் ஸ்டாண்டுக்குள்ள நடக்கிற வேகம்கூட இல்ல" என்றேன்.

ரைட்டர் பேனாவை மூடிவைத்தார். "டீச்சர், அது வேகத்த சொல்றது இல்ல. வழக்கமா எழுதுறது. அதிவேகம்னு போடலேன்னா செக்ஷனே நிக்காது."

"நான் சொல்லாதத எப்படி சார் நான் சொன்னதா எழுதுவீங்க?"

"சரி, உங்க பேப்பர்ல வேணாம். அந்தப் பொண்ணு குடுத்த புகார்ல ஏற்கெனவே போட்டாச்சு." அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "பஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அவங்க விழுந்தாங்க. அவ்ளோதான? அதையாவது சொல்லுவீங்களா?"

நான் ஜன்னலில் பார்த்ததைச் சொன்னேன். பக்கத்து பஸ் பின்னால் போவதுபோலத் தெரிந்தது, எது நகர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அக்காவின் மகள் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் அதே பஸ்ஸில்தான் போய்வந்தேன். வேறு பஸ்ஸுக்கு மாறலாம், ஆனால் அது முக்கால் மணி நேரம் பிந்தி வரும். பக்கத்து சீட்டில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். ஒரு மாலை, சிதம்பரத்தில் பஸ் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது டிரைவர் டீ கிளாஸோடு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"டீச்சர், நான் எதையும் மாத்திச் சொல்லச் சொல்லல. பாத்தத சொல்லுங்க போதும். வண்டி நின்னுதான் இருந்துச்சு."

"முழுசா நின்னுச்சாண்ணா?"

அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "நின்னுச்சுன்னா... எறங்குற அளவுக்கு நின்னுச்சு. நீங்களும்தான் தெனம் எறங்குறீங்க. இங்க எந்த வண்டி டீச்சர் அசையாம நின்னு ஆள எறக்குது? பிரேக்குல கால் வெச்சா நாங்க நின்னுதுன்னுதான் சொல்லுவோம்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் பேச்சில் நிற்பது என்றால் அதுதான். கண்டக்டர் பேச்சிலும் அதுதான், தினமும் ஏறி இறங்கும் எங்கள் எல்லார் பேச்சிலும் அதுதான். 'பஸ் நின்னுச்சா?' என்று வீட்டில் யாராவது கேட்டால், ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டதையும் 'ம், நின்னுச்சு' என்றுதான் சொல்வேன். என் புத்தகத்தில்தான் நிற்பது என்றால் சுழி. அதற்கு மேல் கொஞ்சம் இருந்தாலும் நிற்கவில்லை.

அவர் மேலும் சொன்னார். "நாலு வருஷத்துல ரிட்டயர் வயசு எனக்கு. லைசென்ஸ்ல கை வெச்சாங்கன்னா இந்த நாலு வருஷமும் போச்சு." பிறகு, கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, சட்டென்று திரும்பிப் போய் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

அக்கா பேரில் மகள் போட்ட இழப்பீட்டு வழக்கு சிதம்பரம் கோர்ட்டில் விசாரணைக்கு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. மூன்று முறை சி.எல். போட்டுப் போய் வாய்தா என்று திரும்பிவந்தேன். நாலாவது முறை கூண்டில் ஏறினேன். காலையில் வீட்டில் என் கணவர், "இன்னா இருக்கு இதுல, பஸ் ஓடிச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வா. அந்தம்மா பாவம்" என்றார். எனக்கும் அக்கா பாவம்தான். ஆனால் பிள்ளைகளிடம் இருபது வருஷமாக, தெரிந்ததை மட்டும் எழுது, தோன்றியதை எழுதாதே என்று சொல்லிவிட்டு நான் எப்படிச் சொல்வது?

இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் இளைஞர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"பஸ் அதிவேகமாக வந்ததா?"

"இல்லை."

"புகாரில் அதிவேகம் என்று இருக்கிறது. அது தவறு?"

"தவறு."

"நீங்கள் அறிவியல் ஆசிரியை. சம்பவ நேரத்தில் பஸ் நின்றுகொண்டிருந்ததா, நகர்ந்துகொண்டிருந்ததா?"

"பக்கத்து பஸ் பின்னால் போவதுபோல இருந்தது. அது ரிவர்ஸ் எடுத்திருக்கலாம். எங்கள் பஸ் நகர்ந்திருக்கலாம். எது என்று என்னால் சொல்ல முடியாது."

"அதாவது, நகர்ந்தது என்று உங்களால் சொல்ல முடியாது."

"நின்றது என்றும் சொல்ல முடியாது."

"முதல் பாதி போதும்மா" என்று சொல்லி உட்கார்ந்தார். எங்கள் தரப்பு வக்கீல் ஃபைலை மூடினார்.

வெளியே வராந்தா பெஞ்சில் அக்கா வாக்கரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டிருந்தார். "இன்னா டீச்சர் சொன்னீங்க?" என்றார்.

"தெரியலன்னு சொன்னேன்கா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாக்கரின் ரப்பர் குமிழைக் கட்டைவிரலால் திருகிக்கொண்டிருந்தார். "சரி. நீங்க பஸ்ஸுக்குக் கெளம்புங்க, நேரமாச்சு" என்றார். மகள் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு எதிலும் மனம் போகவில்லை. செய்தது சரி என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டைப் பார்க்கும்போது அந்தச் சரி உதவவில்லை. வீட்டுக்கு வந்து நைட்டியை மாட்டிக்கொண்டு, சமைக்காமல், டீவியும் போடாமல் உட்கார்ந்திருப்பேன். கணவர் தோசை மாவு வாங்கி வருவார்.

மூன்று வாரம் கழித்து பத்தாம் வகுப்பில் நிலைமம் நடத்திக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருஷமாகக் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"பஸ் சடன் பிரேக் போட்டா நாம என்ன ஆவோம்?"

"முன்னாடி விழுவோம் மிஸ்" என்று வகுப்பே கத்தியது.

"ஓடுற பஸ்ஸிலயா, நின்ன பஸ்ஸிலயா?" இதையும் ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். அவர்களைக் குழப்பிப் பார்க்க.

மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்திருக்காமலே சொன்னாள். "நின்ன பஸ்ஸுல எப்டி மிஸ் முன்னாடி விழுவாங்க?"

வகுப்பு சிரித்தது. நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழுதுவதற்குக் கை வரவில்லை. அலறல் கேட்ட பிறகு நான் முன்னால் போய் விழுந்தேன். கம்பியில் முட்டி இடித்தது. இரண்டு வாரம் தைலம் தேய்த்தேன். அக்கா விழுந்ததைப் பார்த்து டிரைவர் பிரேக்கை அழுத்தி மிதித்திருக்கிறார். நின்றிருந்த பஸ்ஸில் அந்த மிதி எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது. பஸ் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. ஜன்னலில் பார்த்ததைப் பற்றியே ஒன்றரை வருஷம் யோசித்திருக்கிறேன். என் உடம்புக்குத் தெரிந்ததை நான் கேட்கவே இல்லை. இத்தனைக்கும் அது நான் தினம் நடத்தும் பாடம்.

"மிஸ், உடம்பு சரியில்லையா?" என்று முன்பெஞ்சில் யாரோ கேட்டார்கள். தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து, பாடத்தை அவர்களையே படிக்கச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குடிகாட்டுக்குப் போனேன். அக்கா பூசை முடிந்து மகளோடு ஆட்டோவில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். மகள் எனக்கு நாற்காலி போட்டாள், ஆனால் பேசவில்லை. காற்றில் அன்றைக்கும் அந்த நெடி இருந்தது. அவர்கள் யாரும் மூக்கைப் பொத்தவில்லை, எனக்குப் பொத்தக் கூச்சமாக இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டி இடித்தது, பிரேக், பஸ் நகர்ந்துகொண்டிருந்தால்தான் அப்படி நடக்கும் என்பது. கையால் காட்டிக் காட்டி விளக்கினேன். வகுப்பில் பேசுவதுபோலப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிந்தது, நிறுத்த முடியவில்லை.

அக்கா முழுவதையும் கேட்டார். "அன்னிக்கே சொன்னனே டீச்சர், நகந்துச்சுன்னு."

"ஆமாங்கா."

"தரையில கெடந்துக்கிட்டு மொதல்ல உங்ககிட்டதான் சொன்னேன்."

"எனக்கு நிச்சயமா தெரிஞ்சத மட்டும் சொல்லணும்னு நெனைச்சேன்கா."

"எனக்கு நிச்சயமா தெரிஞ்சிதுல்ல? கால் என்துதான?" கோபமாகச் சொல்லவில்லை. ஒரு ஐயத்தைக் கேட்பதுபோலத்தான் கேட்டார். ஒரு மனுஷி, கூடவே உட்கார்ந்து பல வருஷம் பயணம் செய்தவள், காலடியில் தரை ஓடியது என்று சொன்னாள். அதை நான் ஒரு சாட்சியமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வலியில் சொல்வது, அப்படித் தோன்றியிருக்கும் என்று ஒதுக்கிவைத்துவிட்டு, என் கண்ணுக்குத் தெரிந்த நீல பஸ்ஸைப் பிடித்துக்கொண்டேன். அதுவும் எனக்குத் தோன்றியதுதானே.

அக்கா, "சாப்டுட்டுப் போங்க. மீன் வாங்கியாந்திருக்கா" என்றார். சாப்பிட்டேன். மகள் இரண்டாம் முறை குழம்பு ஊற்றும்போது, "ஆன்ட்டி, இத கோர்ட்ல சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன்.

எங்கள் வக்கீலுக்கு எரிச்சல். முடிந்த சாட்சியை மறுபடி கூப்பிட மனு போட வேண்டும், எதிர்த்தரப்பு எதிர்க்கும், இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருக்கலாம்தான். மனு போட்டார். நாலைந்து மாதம் கழித்து அனுமதி கிடைத்தது. இன்னும் இரண்டு சி.எல். போனது. தலைமையாசிரியை, "என்ன டீச்சர், கோர்ட்லயே வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்றார்.

மறுபடி அதே இளம் வக்கீல். இந்த முறை மரியாதை குறைந்திருந்தது.

"போன தடவை எது நகர்ந்தது என்று சொல்ல முடியாது என்றீர்கள். இடையில் மனுதாரர் வீட்டுக்குப் போனீர்களா?"

"போனேன்."

"சாப்பிட்டீர்களா?"

"சாப்பிட்டேன்."

"அதன் பிறகு உங்கள் முட்டிக்கு ஞாபகம் வந்துவிட்டது."

"ஞாபகம் வந்த பிறகுதான் போனேன்" என்றேன். அவர் சிரித்தார்.

நீதிபதி ஒரு அம்மா. அதுவரை குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "வேறு யாராவது முன்னால் விழுந்தார்களா?" என்று கேட்டார். எனக்கு முன்சீட்டில் இருந்தவரின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்ததும், அதை மிதிக்காமல் நான் தாண்டி ஓடியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

தீர்ப்பில் இரண்டும் இருந்தன. பேருந்து முழுமையாக நிற்பதற்கு முன் நடத்துநர் பயணிகளை இறங்கச் சொன்னது தவறு. முழுமையாக நிற்கும்வரை காத்திராமல் மனுதாரர் இறங்கியதும் தவறு. மூன்றில் ஒரு பங்குத் தவறு அக்காவுடையது என்று எழுதி, இழப்பீட்டில் அந்தப் பங்கைக் கழித்திருந்தார்கள். நான் பயந்ததைவிட அது பரவாயில்லை. 'வேற என்ன பண்ணுவாங்க, எறங்கு எறங்குன்னு கதவத் தட்டுனா?' என்று மகள் அழுதாள். அக்காவுக்குத் தீர்ப்பின் நகலைப் படித்துக் காட்டினேன். 'முழுமையாக' என்ற சொல் வந்த இடத்தில் மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

மருத்துவமனையில் அவரைத் திரும்ப எடுக்கவில்லை. ஆளைத் தூக்க முடியாத ஆயா எதற்கு என்று நேராகச் சொல்லவில்லை, சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். இப்போது வீட்டிலேயே உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கிறார். பண்ருட்டிப் பக்கமிருந்து ஒருவர் மூட்டை கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறார். நான் மாதத்துக்கு ஒரு ஞாயிறு போகிறேன். நானும் உட்கார்ந்து உரிப்பேன். எனக்குப் பாதிப் பருப்பு உடைந்துவிடும். உடைந்ததற்குக் கூலி குறையும் என்று அக்கா என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொள்வார். நாங்கள் வழக்கைப் பற்றிப் பேசுவதில்லை. பழையபடி ஆகிவிட்டோமா என்று கேட்டால், இல்லை. ஆனால் பேசிக்கொள்கிறோம்.

டிரைவரின் லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். பிறகு முதலாளி அவரை வேறு வழித்தடத்துக்கு மாற்றிவிட்டார் என்று கண்டக்டர் சொன்னார். ஒரு நாள் கடலூர் பஸ் நிலையத்தில் எதிரே வந்தார். நின்று ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தார். அவரை எந்தச் சொல்லில் நான் குற்றவாளி ஆக்கினேன், எந்தச் சொல்லில் அவர் நிரபராதி என்று அவரிடம் விளக்க எனக்குத் தெம்பு இல்லை. அவருக்கும் கேட்கத் தெம்பு இருந்திருக்காது.

எனக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. விடைத்தாள்களில் வீட்டுப் பேச்சை எழுதினால் இன்றும் கோடு போட்டு அடிக்கிறேன், வேறு வழி இல்லை, அரசுத் தேர்வில் யாரும் விடமாட்டார்கள். ஆனால் அடிப்பதற்கு முன் ஒருமுறை முழுதாகப் படிக்கிறேன். அதனால் தாள் திருத்த நேரம் அதிகமாகிறது.

சிதம்பரத்தில் பஸ் உள்ளே திரும்பியதும் இப்போதும் கதவைத் தட்டுகிறார்கள். எல்லாரும் எழுந்து நெருக்குகிறார்கள். நான் என்ஜின் நிற்கும்வரை உட்கார்ந்திருப்பேன். புதிதாக வந்திருக்கும் கண்டக்டருக்கு என் கதை தெரியாது. "நின்னுடுச்சும்மா, எறங்குங்க, வண்டிய எடுக்கணும்" என்று தினமும் சத்தம் போடுவார். வயதான அம்மா, மூட்டு வலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் கையை நீட்டி என் பையை வாங்கிக்கொண்டு, "மெதுவா வாங்க" என்றார். நான் மெதுவாகத்தான் இறங்கினேன்.